உண்ணி மருந்து செம்பிக்குத் தேவையா?

கேள்வி: எங்கள் செம்பிக்கு நான்கு வயது. கலப்பினப் பெண் நாய், எடை 16 கிலோ. இரண்டு வயதில் அவளுக்கு ஒருமுறை வலிப்பு வந்தது. மீண்டும் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி மருத்துவர் மருந்து எதுவும் தொடங்கவில்லை; அதற்குப் பிறகு வரவும் இல்லை. உண்ணிக்கு முதுகில் விடும் சொட்டு மருந்தை ஞாபகம் வரும்போது விடுவேன். போன வாரம் அவள் காதுக்குள் இரண்டு உண்ணிகளைப் பிடித்தேன். அவள் படுக்கும் இடத்துக்கு மேலே சுவரில் இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது. வாலடியை வேறு ஓயாமல் கடித்துக்கொள்கிறாள். மாதம் ஒரு மாத்திரை கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறான் தம்பி. அந்த மாத்திரையால் வலிப்பு வரும் என்று படித்ததிலிருந்து எனக்குப் பயம். மருந்தே இல்லாமல்தான் நாய்கள் காலங்காலமாக வாழ்ந்தன, வேப்பிலைத் தண்ணீர் போதும் என்கிறார் கணவர். வீட்டில் ஒரு பூனையும் உண்டு. இரண்டும் ஒன்றாகத்தான் தூங்கும். மருந்து உண்மையிலேயே தேவையா? தேவை என்றால் எது?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சுவரில் ஏறிக்கொண்டிருந்த அந்த உண்ணி. காதில் இருந்த இரண்டும் வெளியே புல்லில் நடந்தபோது தொற்றியிருக்கலாம். சுவரில் ஏறுவது வேறு விஷயம்.

பெரும்பாலான உண்ணி வகைகளுக்கு வீட்டுக்குள் இருக்கும் வறண்ட காற்று ஒத்துவராது. ஈரமான புல், சருகு, புதர் இல்லாவிட்டால் காய்ந்து செத்துவிடும். இதற்கு விதிவிலக்கு பழுப்பு நாய் உண்ணி. விஞ்ஞானப் பெயர் ரைபிசெஃபாலஸ் சாங்குனியஸ். வறட்சியைத் தாங்கும், நாயின் ரத்தத்தையே விரும்பும், முழு வாழ்க்கையையும் நம் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலோ கதவு நிலையின் இடுக்கிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு இறந்துவிடும். முட்டையிலிருந்து வரும் ஆறு கால் குஞ்சு கடுகைவிடச் சிறியது. அது நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கும், இறங்கி இடுக்கில் ஒளிந்து தோலுரிக்கும், எட்டுக் கால் இளம் உண்ணியாகி மறுபடி ஏறும். மறுபடி இறங்கி, தோலுரித்து, பெரியதாகி மூன்றாம் முறை ஏறும். இத்தனைக்கும் சூடான வீட்டில் இரண்டு மூன்று மாதம் போதும். நாய் கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

உங்கள் சுவரில் ஏறியது இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒன்றைச் சின்னப் புட்டியில் அடைத்து மருத்துவரிடம் காட்டுங்கள், உறுதியாகிவிடும். ஊகம் சரி என்றால் செம்பியின் உடம்பில் இருப்பது கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் சுவரில் இருக்கிறது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆமாம், மருந்து தேவை.

எல்லா நாய்க்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். மற்ற நாய்களோடு பழகாமல், புல்வெளிப் பக்கமே போகாமல், பல வருடமாக ஓர் உண்ணிகூடக் காணாத நாய்க்கு வருடம் முழுக்க மாதம் தவறாமல் மருந்து போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடும் குளிர் காலத்தில் உண்ணி நடமாட்டமே அடங்கிவிடும் பகுதிகளும் உண்டு. இந்த மருந்துகள் நாயோடு நின்றுவிடுவதும் இல்லை. இங்கிலாந்தின் ஆறுகளில் ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சி மருந்துகள் பரவலாகக் காணப்பட்டன. நாய், பூனைக்குப் போடும் சொட்டு மருந்து குளிப்பாட்டும்போதும் துணி துவைக்கும்போதும் கழுவப்பட்டு ஆற்றுக்குப் போவது அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தேவையில்லாத நாய்க்குப் போடாமல் இருப்பதும் நல்ல மருத்துவம்தான். செம்பி அந்தக் கணக்கில் வர மாட்டாள்.

உண்ணி உறிஞ்சும் ரத்தத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை, குட்டிகளைத் தவிர. உண்ணி உள்ளே விடும் கிருமிகள்தான் கவலை. பழுப்பு நாய் உண்ணி எர்லிக்கியா, பபேசியா இரண்டையும் பரப்பும். பபேசியா சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். எர்லிக்கியா வெள்ளையணுக்களைப் பிடிக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும். இதன் தொல்லை என்னவென்றால், முதலில் சில நாள் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் விருப்பமின்மை என்று வந்து தானாகச் சரியானதுபோல் தெரியும். பிறகு மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து மூக்கில் ரத்தம் வடிய நாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்போது எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்டிருந்தால் எங்களால் செய்ய முடிவது குறைவு.

தினமும் தடவிப் பார்த்து உண்ணியைப் பிடுங்கிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வேறு வகை உண்ணிகள் பரப்பும் லைம் நோய்க் கிருமி உடம்புக்குள் போக உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், அதனால் அங்கே தினசரிச் சோதனை நன்றாகவே உதவும். எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே கடத்தப்படலாம். கடுகைவிடச் சிறிய குஞ்சை அடர்ந்த ரோமத்துக்குள் கண்டுபிடிப்பதும் நடக்கிற காரியம் இல்லை. சோதனை வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

இப்போது உங்கள் கணவர். நாய்கள் காலங்காலமாக மருந்தில்லாமல் வாழ்ந்தன என்பது உண்மை. நாய் இனம் வாழ்ந்தது, அதில் எத்தனையோ நாய்கள் மூன்று நான்கு வயதிலேயே இறந்துபோயின, யாரும் காரணம் தேடவில்லை. வேம்பில் பூச்சிகளைப் பாதிக்கும் பொருள் இருப்பதும் சரிதான். ஆனால் வேப்பிலை கொதித்த தண்ணீரில் குளிப்பாட்டினால், உடம்பு காய்ந்த பிறகு தோலில் தங்குவது மிகக் கொஞ்சம். நாளைக்குச் சுவரிலிருந்து இறங்கி வரும் உண்ணியை அது தடுக்காது. குளிப்பாட்டுவதில் கெடுதல் இல்லை, பாதுகாப்பு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான். பூண்டு கொடுக்கச் சொல்லி யாராவது வந்தால் மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை, அதையேதான் பபேசியாவும் செய்கிறது. டீ ட்ரீ எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களும் வேண்டாம். நாய்க்கும் ஆபத்து, பூனைக்கு இன்னும் அதிக ஆபத்து.

தம்பி சொல்லும் மாத்திரை ஐசாக்சசோலின் வகையாக இருக்கும். அஃபாக்சோலானர், ஃப்ளூரலானர், சரோலானர், லோட்டிலானர் ஆகிய நான்கும் இந்தக் குடும்பம். ஃப்ளூரலானர் மாத்திரை சுமார் 12 வாரம் வேலை செய்யும், மற்றவை ஒரு மாதம். பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் மருந்துகள் இவை. பாலூட்டிகளின் நரம்பில் அதே அளவு ஒட்டுவதில்லை என்பதால்தான் நாய்க்குக் கொடுக்க முடிகிறது. நான் பார்த்த வரையில் உண்ணிக்கு இவ்வளவு நன்றாக வேலை செய்யும் வேறு மருந்து வகை வந்ததில்லை. சாதாரண ஆரோக்கியமுள்ள நாயாக இருந்தால் உங்கள் தம்பி பக்கம்தான் நின்றிருப்பேன்.

ஆனால் நீங்கள் படித்ததும் வெறும் வதந்தி இல்லை. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தக் குடும்பத்து மருந்துகளால் சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று எச்சரித்தது. பெரும்பாலான விலங்குகளுக்கு இவை பாதுகாப்பானவை என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. முன்பு வலிப்பே வராத நாய்களுக்கும் வந்திருக்கிறது. ஏற்கெனவே வந்த நாய்க்கு இன்னும் கவனம் வேண்டும். வலிப்பு வந்த எல்லா நாய்க்கும் இது தடை என்று சட்டம் எதுவும் இல்லை, மருத்துவர் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியது. செம்பிக்கு ஒருமுறைதான் வந்தது என்றாலும், காரணம் தெரியாமல் வந்தது. ஒருமுறை விழுங்கினால் வாரக்கணக்கில் உடம்பில் தங்கி, நடுவில் வெளியே எடுக்க முடியாத மருந்தை அவளுக்கு முதல் தேர்வாக நான் எழுத மாட்டேன். வேறு வழிகள் தோற்றால், அப்போது மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய இரண்டாவது தேர்வு அது.

சொட்டு மருந்தைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் இன்னொரு முக்கியமான சொல் "ஞாபகம் வரும்போது". கோபித்துக்கொள்ளாதீர்கள், இப்படி அரைகுறையாகப் போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மருந்தின் ரசாயனம் நாய் மேல் ஏறுகிறது, பலன் கிடைப்பதில்லை. ஃபிப்ரோனில் சொட்டு என்றால் எடைக்கு ஏற்ற அளவு, செம்பிக்கு 10 முதல் 20 கிலோ என்று அட்டையில் போட்டிருப்பது. தோள்பட்டைகளுக்கு நடுவே ரோமத்தைப் பிரித்துத் தோலில் படும்படி விட வேண்டும். பலர் ரோமத்தின் மேல் ஊற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். தோலின் எண்ணெய்ப் பசையில் கலந்துதான் அது உடம்பெல்லாம் பரவும், அதனால் முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளிப்பாட்டக் கூடாது. பெரிய நாய்க்கான குழாயை வாங்கி இரண்டு சின்ன நாய்க்குப் பங்கு போடுவதும் வேண்டாம்.

செம்பிக்கு நான் முதலில் யோசிப்பது ஃப்ளூமெத்ரினும் இமிடாகுளோப்ரிடும் சேர்ந்த கழுத்துப் பட்டையை. ஏழெட்டு மாதம் வேலை செய்யும், உங்கள் ஞாபகசக்தியை நம்பி இருக்காது. மாத்திரை மருந்து ரத்தத்தில் இருப்பதால் உண்ணி கடித்த பிறகுதான் சாகும். பட்டை மருந்து தோலிலும் ரோமத்திலும் பரவுவதால் பல உண்ணிகள் கடிக்கும் முன்பே விலகும் அல்லது சாகும். ஒவ்வாமையோ நரம்புக் கோளாறோ தெரிந்தால் உடனே கழற்றிவிடலாம் என்பதும் எனக்குப் பெரிய காரணம். பட்டையும் முழுக்க ஆபத்தில்லாதது இல்லை, கழுத்தில் புண், அரிப்பு, அபூர்வமாக நரம்புக் குறிகள் பதிவாகியிருக்கின்றன. மாட்டிய முதல் இரண்டு வாரம் கழுத்துத் தோலைத் தினமும் பாருங்கள். இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக இருக்கட்டும், நீளமாகத் தொங்கும் மிச்சத்தை வெட்டிவிடுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் பட்டையைப் பிடித்து விளையாட விடாதீர்கள். இதிலெல்லாம் போலிச் சரக்கு நிறைய நடமாடுகிறது, மருத்துவர் கைகாட்டும் இடத்தில் வாங்குங்கள்.

உங்கள் பூனைக்காகக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் அதிகமாக இருக்கும். நாய் அதைத் தாங்கிக்கொள்ளும், பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு, மரணம் வரை போகும். பூனைக்கு நேராகப் போட வேண்டும் என்றுகூட இல்லை, மருந்து போட்ட நாயோடு ஒட்டித் தூங்கினாலே போதும். இரண்டும் ஒன்றாகத் தூங்கும் வீட்டில் பெர்மெத்ரின் சொட்டு எனக்கு ஒப்புதல் இல்லை. நான் சொன்ன பட்டையில் உள்ள மருந்துக் கூட்டு பூனைகளுக்கும் தனி அளவில் விற்கப்படுகிறது, அதனால் அந்தப் பயம் குறைவு. இருந்தாலும் பூனை செம்பியின் பட்டையை நக்கவோ கடிக்கவோ செய்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அமிட்ராஸ் கலந்த கழுவு மருந்தும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். பட்டையை மாட்டினால் அதன் மேலேயே சொட்டு மருந்தையும் விட வேண்டாம். மருத்துவர் சொன்னால் ஒழிய இரண்டைச் சேர்க்காதீர்கள்.

வாலடியைக் கடிப்பது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியின் வேலை. செம்பியை வெள்ளைத் துணியில் நிறுத்தி, வாலடி ரோமத்தை நெருக்கமான சீப்பால் வாருங்கள். விழும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்துத் தேயுங்கள். செம்பழுப்பாக ஊறினால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். மண்ணாக இருந்தால் ஊறாது. ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படாமல் இருக்கலாம், ஏனென்றால் தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு இரண்டு மூன்று கடியே போதும். நாய் மேல் இருக்கும் தெள்ளுகள் வீட்டில் உள்ள மொத்தத்தில் 5 சதவீதம் அளவுதான். மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் விரிப்பிலும் கிடக்கும். பட்டையில் உள்ள இமிடாகுளோப்ரிட் தெள்ளைப் பார்த்துக்கொள்ளும். பூனைக்கும் பூனைக்கென்றே உள்ள மருந்தை அதே நாளில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பூனையிலிருந்து தெள்ளு திரும்ப வந்துகொண்டே இருக்கும். அப்புறம், தெள்ளை விழுங்கும் நாய்க்கு நாடாப்புழு வரும். மலவாயைச் சுற்றி அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் புழு மருந்தும் வேண்டும்.

இனி வீடு. செம்பியின் படுக்கையைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். துணிகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். சுவரோரம், கதவு நிலை, கட்டில் அடி, சுவரில் மாட்டியிருக்கும் படங்களின் பின்பக்கம் எல்லாவற்றையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். கூட்டுப்புழுவில் ஒளிந்திருக்கும் தெள்ளு அதிர்வு பட்டால் வெளியே வரும், அதனால் அடிக்கடி உறிஞ்சுவது இரட்டிப்புப் பலன். வெடிப்புகளைப் பூசி அடைத்துவிடுவது எந்த மருந்தையும்விட நல்லது. மருந்து அடிக்க ஆள் கூப்பிட வேண்டி வந்தால், பூனை இருப்பதையும் மீன் தொட்டி இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். மருந்து முழுக்கக் காய்ந்த பிறகே விலங்குகள் உள்ளே வரலாம். செம்பியை மட்டும் வெளியில் கட்டிவிடாதீர்கள், பாவம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பசித்த உண்ணிகள் மருந்துள்ள அவள் மேல் ஏறிச் சாக வேண்டும், அவள் இல்லாவிட்டால் அவை இடுக்கிலேயே காத்திருக்கும்.

பட்டை மாட்டும் முன் ஒட்டியிருக்கும் உண்ணிகளைக் கையோடு எடுத்துவிடுங்கள். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நிதானமாக நேரே இழுங்கள். மண்ணெண்ணெய், எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். உண்ணி சாகும் நேரத்தில் இன்னும் அதிகமாக எச்சிலை உள்ளே விடலாம். விரலால் நசுக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிருமிகள் உங்கள் கையில் படும். எடுத்ததை ஸ்பிரிட்டில் போட்டால் செத்துவிடும். காது மடிப்பு, விரல் இடுக்கு, அக்குள், கவட்டை, வாலடி, கழுத்துப் பட்டையின் கீழ் என்று தினமும் ஒரு சுற்று தடவிப் பாருங்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம் அங்கங்கே உண்ணி தென்படும். மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து இன்னொரு மருந்தை அதன் மேல் போடத் தோன்றும், போடாதீர்கள். முன்பே இடுக்கில் இருந்தவைதான் வெளியே வருகின்றன. செத்த உண்ணியா, உப்பிய உண்ணியா என்று மட்டும் கவனியுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் ரத்தம் குடித்து உப்பியவை கிடைத்தால் மருந்தை மாற்ற வேண்டும். பழுப்பு நாய் உண்ணிகள் சில இடங்களில் சில மருந்துகளுக்குப் பழகிவிட்டன என்பதும் உண்மை.

செம்பிக்கு ஏற்கெனவே உண்ணி கடித்துவிட்டது. அதனால் அடுத்த மூன்று வாரம் காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், கருத்த சிறுநீர் இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றே காட்டுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு மாதம் கழித்துத் தட்டணு எண்ணிக்கையோடு ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வேன். எர்லிக்கியா ஆரம்பத்தில் பிடிபட்டால் சுமார் நான்கு வாரம் டாக்சிசைக்ளின் கொடுத்துப் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். போகும்போது அவள் எடை, வலிப்பு வந்த தேதி, அது எவ்வளவு நேரம் நீடித்தது, வீட்டில் பூனை இருப்பது, இதுவரை விட்ட சொட்டு மருந்தின் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பட்டையா வேறா என்பதை உங்கள் மருத்துவர் அவளை நேரில் பார்த்து முடிவு செய்யட்டும்.